ஊசிக்குப் பிறகு வரும் மூன்று மாதம்

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவின் விடியற்காலைப் புல்லில் உறைபனி படியும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம், தகரக் கூரை, சீமெந்துத் தரை. தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் எல்லோருக்கும் குளிரும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையை வைத்திருக்கும் வீட்டில் அந்தக் குளிருக்கு இன்னொரு வேலையும் உண்டு. முதல்நாள் மாலை ஓரளவு விரிந்த முழங்கால் காலையில் மடங்கி இறுகிக் கிடக்கும். கை மார்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டை மாட்ட இரண்டு பேர் வேண்டும். குளிர், வலி, மலச்சிக்கல், காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, பல்வலி, இறுக்கமான சப்பாத்து என்று எது வந்தாலும் தசை விறைப்பு கூடும். ஆகவே "மருந்தைக் கூட்டுங்கள் டொக்டர்" என்று கேட்பதற்கு முன் பிள்ளைக்கு வயிறு சுத்தமாகப் போகிறதா, இரவில் கால் மூடியிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் சிகிச்சை. அதற்குச் சீட்டு வேண்டாம்.

அதற்கு அப்பால் மருத்துவம் வைத்திருக்கும் வழிகள் பல. பயிற்சி, பிளாஸ்டர், கணுக்கால் தாங்கி, மாத்திரை, தசைக்குள் ஊசி, தசைநாண் சத்திரசிகிச்சை, முதுகுத்தண்டில் நரம்பு வேர்களை வெட்டும் சத்திரசிகிச்சை, வயிற்றுத் தோலுக்கு அடியில் பதிக்கும் மருந்துப் பம்பு. எது சிறந்தது என்ற விவாதம் உலகம் முழுக்க நடக்கிறது. ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் உடப்புசல்லாவையிலும் அந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்கவேண்டியிருக்கிறது. சிகிச்சை முடிந்து பிள்ளை தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாளிலிருந்து என்ன நடக்கும்? அதற்குப் பதில் இல்லாத சிகிச்சை எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும் மலையகத்துப் பிள்ளைக்குப் பாதிச் சிகிச்சைதான். சில வேளைகளில் அது தீங்காகவும் முடியும்.

மூளை முடக்குவாதம் தசையின் நோய் கிடையாது. கருவிலோ பிறப்பின்போதோ பிறந்த சிறிது காலத்திலோ வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பின் விளைவு அது. குறைமாதப் பிறப்பு, பிரசவத்தில் மூச்சுத்திணறல், கடுமையான மஞ்சட்காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை அறியப்பட்ட காரணங்களில் சில. மூளையில் உள்ள வடு வளராது. பிள்ளை வளரும். சிக்கல் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது: விறைத்த தசை, எலும்பு நீளும் வேகத்துக்கு ஈடுகொடுத்து நீளாது. மூன்று வயதில் வெறும் விறைப்பாக இருந்தது ஒன்பது வயதில் நிரந்தரக் குறுக்கமாகிவிடுகிறது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேற்பட்டோர் இந்த விறைப்பு வகையினர். வசதியான நாடுகளில் ஆயிரம் பிறப்புகளுக்கு இரண்டுக்கும் குறைவாக இந்த நிலை காணப்படுகிறது. பங்களாதேஷின் கிராமப்புறத்தில் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கு ஆயிரத்துக்கு 3.4 என்றது.

இதை மருத்துவ உலகம் கவனிக்க வைத்தவர் லண்டன் வைத்தியர் வில்லியம் ஜான் லிட்டில். கடினப் பிரசவத்துக்கும் பிள்ளையின் விறைத்த கால்களுக்கும் உள்ள தொடர்பை 1861இல் அங்குள்ள மகப்பேற்று மருத்துவர் சங்கத்தில் அவர் எடுத்துரைத்தார். அவருக்கே ஒரு கால் கோணலாக இருந்தது. ஜெர்மனியில் ஸ்ட்ரோமெயர் என்ற சத்திரசிகிச்சையாளர் 1836இல் குதிகால் தசைநாணை வெட்டி அந்தக் காலை நேராக்கியிருந்தார். தசைநாணை வெட்டுவதுதான் இந்தத் துறையின் மிகப் பழைய சிகிச்சை. அவசரப்பட்டுச் செய்தால் பெரிய தீங்கு விளைவிக்கக்கூடியதும் அதுதான் என்பதற்குப் பின்னர் வருவோம்.

பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ளவேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. பிள்ளை ஆழ்ந்து தூங்கும்போது பாதத்தை மெதுவாக மேலே மடக்கிப் பார்க்கலாம். விழித்திருக்கும்போது கல்லாக இருந்த கணுக்கால் தூக்கத்தில் இளகினால் அது நரம்பிலிருந்து வரும் விறைப்பு. மாத்திரையும் ஊசியும் வேலை செய்யக்கூடிய இடம். தூக்கத்திலும் அதே அளவில் நின்றுவிட்டால் தசையே குறுகிவிட்டது. எந்த ஊசியும் அதை நீட்டாது. பெரும்பாலான பிள்ளைகளிடம் இரண்டும் கலந்தே இருக்கும். எது எவ்வளவு என்பதை வைத்தியர் மெதுவாகவும் வேகமாகவும் மூட்டை அசைத்துப் பார்த்து அளவிடுவார். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "ஊசி போட்டால் சரியாகும்" என்றோ "ஒப்பரேசன்தான்" என்றோ ஒருவர் சொன்னால், அவர் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

இரண்டாவது கேள்வி, விறைப்பை ஏன் குறைக்க வேண்டும் என்பது. கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் வலுவற்ற கால்களை உடைய பல பிள்ளைகள் அந்த விறைப்பின் மேல்தான் நிற்கிறார்கள். விறைப்பை உருவி எடுத்தால் கால் துவண்டு, எழுந்து நின்ற பிள்ளை உட்கார்ந்துவிடக்கூடும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவோடு பணியாற்றிய ரொபர்ட் பலிசானோவும் உடன்பணியாளர்களும் 1997இல் வெளியிட்ட ஐந்து படி வகைப்பாடு இங்கே உதவும். முதல் படியில் உள்ள பிள்ளை ஓடும், கொஞ்சம் தடுமாறும். மூன்றாம் படியில் உள்ளது கைத்தாங்கியோடு நடக்கும். ஐந்தாம் படியில் உள்ளதற்குத் தலையை நிமிர்த்தி வைப்பதற்கே துணை வேண்டும். முதல் மூன்று படிகளில் இலக்கு நடை. ஐந்தாம் படியில் இலக்கு வேறு: தொடை விரிந்து கழுவ முடியவேண்டும், வலியில்லாமல் தூங்கவேண்டும், சோறு ஊட்ட உட்காரவைக்க முடியவேண்டும். ஒரே ஊசி இரு பிள்ளைகளுக்கும் போடப்படலாம். பலனை அளக்கும் கோல் ஒன்றாக இருக்க முடியாது. நடக்கவே வாய்ப்பில்லாத பிள்ளைக்கு நடை வரும் என்று ஆசை காட்டி ஆண்டுக்கணக்கில் அலைய வைப்பதைவிட, இரவில் அந்த வீடே தூங்கும்படி செய்வது எவ்வளவோ மேலான மருத்துவம்.

இனி வழிகள். எளியதிலிருந்து தொடங்கினால், கையால் இழுத்து நீட்டிவிடும் பயிற்சி மட்டும் போதாது என்பது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக் தலைமையில் 2013இலும் 2020இலும் வெளியான தொகுப்பாய்வுகள் ஒவ்வொரு சிகிச்சைக்கும் வீதிச் சமிக்ஞை விளக்கைப்போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்தன. பிள்ளை தானே முயன்று ஒரு குறிப்பிட்ட வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிக்குப் பச்சை. பிளாஸ்டர் மூலம் கணுக்காலைப் படிப்படியாக நீட்டுவதற்கும் பச்சை. பிள்ளை சும்மா படுத்திருக்க மற்றவர் அசைத்துவிடும் பழைய முறைகளுக்கு அந்த நிறம் கிடைக்கவில்லை. எண்ணெய் தேய்த்து உருவிவிடும் நம் வழக்கமும் இந்தக் கணக்கில் சேரும். அது பிள்ளைக்குச் சுகம், தாய்க்கும் பிள்ளைக்கும் நெருக்கம். அதற்காகச் செய்யலாம், கால் நீளும் என்பதற்காகச் செய்யவேண்டாம்.

பிள்ளை மணிக்கணக்கில் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் ஐந்து நிமிட உருவலைவிடத் தசைக்குப் பெரிது. நாள் முழுதும் ஏணையில் மடங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு முழங்காலும் இடுப்பும் அந்த மடிப்பிலேயே பழகிவிடும். இதற்கு மாறாக, கால்கள் கத்தரிக்கோல்போலப் பின்னிக்கொள்ளும் பிள்ளையை இடுப்பில் வைத்து, தாயின் இருபுறமும் கால் அகன்றிருக்கும்படி தூக்குவது உள்தொடைத் தசைக்கு இயல்பான நீட்டல். மெக்சிக்கோவின் மலைக்கிராமங்களில் வேலை செய்த டேவிட் வேர்னர் 1987இல் வெளியிட்ட கையேட்டில் இப்படித் தூக்குவதைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். நம் பெண்களுக்கு அதைப் படம் பார்த்துப் படிக்கவேண்டிய தேவையில்லை. அதுவும் ஒரு சிகிச்சை என்று யாராவது சொன்னால் போதும்.

மாத்திரைகளுக்கு வருவோம். பக்லோபென் என்ற மருந்து 1962இல் சுவிஸ் நிறுவனமான சீபாவில் வலிப்புக்காக உருவாக்கப்பட்டது. வலிப்புக்குப் பெரிதாக உதவவில்லை, விறைப்பைக் குறைத்தது. இன்று உலகில் அதிகம் எழுதித் தரப்படும் விறைப்பு மருந்துகளில் ஒன்று. ஆனால் அமெரிக்க நரம்பியல் கழகம் 2010இல் சான்றுகளைச் சலித்துப் பார்த்தபோது, பிள்ளைகளுக்கு வாய்வழி பக்லோபெனைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது. டயசெபாமுக்கு, குறுகிய காலப் பயன்பாட்டில், அதைவிட நல்ல இடம் கிடைத்தது. அந்த இடத்தைப் பெற்றுத் தந்த ஆய்வுகளில் முக்கியமானது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நமக்குப் பக்கத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலிருந்து. விறைப்புள்ள 180 பிள்ளைகளுக்கு இரவு படுக்கும்போது மட்டும் சிறு அளவில் டயசெபாம் கொடுத்து, வெறும் மாத்திரை கொடுத்தவர்களோடு ஒப்பிட்ட அந்த ஆய்வு 2005இல் வெளியானது. இரவில் தசை தளர்ந்து, பிள்ளை நன்றாகத் தூங்கி, மறுநாள் பயிற்சிக்கு உடல் இசைந்தது. விலை உயர்ந்த ஊசிகளைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அதை வாங்க முடியாத குடும்பங்களை நினைத்து வேலூரில் கேட்கப்பட்ட கேள்வி அது. இலங்கை வைத்தியர்கள் இதை மறக்கக்கூடாது. எச்சில் கூடுதல், மூச்சுத் தடை, மயக்கம், பழக்கமாகிவிடுதல் என்ற ஆபத்துகளும் இருப்பதால், அளவு வைத்தியர் கையில்தான் இருக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் விஷயமில்லை இது.

பக்லோபெனில் இன்னொரு பொறி இருக்கிறது. மலையகத்துக்கு அது மிகவும் பொருந்தும். தொடர்ந்து எடுப்பவர் திடீரென்று நிறுத்தினால் விறைப்பு இரட்டிப்பாகத் திரும்பலாம், வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம். படிப்படியாகவே குறைக்கவேண்டும். 2022இல் நாடு மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்றதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகளில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் பாதைகள் அறுந்து, தோட்டங்கள் தனித்தீவுகளானதும் அண்மைக் கதை. ஒரு மாதத்துக்கான மருந்தோடு வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைக்கு, பாதை மூடினால் என்ன செய்வது என்ற குறிப்பும், இரண்டு கிழமைக்கான கையிருப்பும் சேர்த்துத் தரப்படவேண்டும். மழைக்காலத்துக்கு முன் இதைச் செய்ய எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை.

அடுத்தது எல்லோரும் கேட்கும் ஊசி. பொட்டுலினம் நச்சு. கெட்டுப்போன உணவில் மனிதரைக் கொல்லும் அதே நச்சு, மிகச் சிறிய அளவில் தசைக்குள் போடப்படும்போது, நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தற்காலிகமாகத் தடுக்கிறது. அமெரிக்காவில் கோமன் என்ற என்பியல் நிபுணரின் குழு 1993இல் இதை மூளை முடக்குவாதப் பிள்ளைகளில் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டது. குறிப்பிட்ட தசையில் விறைப்பைக் குறைப்பதில் இதற்குள்ள சான்று வலுவானது. நோவாக்கின் பட்டியலிலும் பச்சை. சில நாட்களில் வேலை தொடங்கும், மூன்று நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டிய, விலை கூடிய மருந்து.

அந்த மூன்று மாதம் ஒரு ஜன்னல் திறந்திருக்கும் காலம். அதற்குள் பிளாஸ்டர் போட்டு, கணுக்கால் தாங்கி அணிவித்து, நடைப்பயிற்சி கொடுத்தால்தான் ஊசி எதையாவது விட்டுச் செல்லும். ஒன்றும் செய்யாமல் தோட்டத்தில் இருந்துவிட்டு நான்காம் மாதம் திரும்பி வந்தால் பழைய கால்தான் வரும். அதைவிட மோசமாகவும் வரக்கூடும்: திரும்பத் திரும்பப் போடும் ஊசி தசையை மெலியச் செய்கிறது என்ற கவலையைக் கடந்த பத்தாண்டில் மெல்பேர்ன் சத்திரசிகிச்சையாளர்கள் உரக்க எழுப்பி வருகிறார்கள். நச்சு உடலில் பரவி விழுங்குவதையும் மூச்சையும் பாதித்த அரிய சம்பவங்களுக்குப் பிறகு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை இந்த மருந்துகள் மேல் ஒட்ட வைத்தது. ஏற்கனவே விழுங்கச் சிரமப்படும் ஐந்தாம் படிப் பிள்ளைக்கு இந்த எச்சரிக்கை வெறும் எழுத்தாக இருக்க முடியாது.

ஆகவே ஊசிக்கு முன் வைத்தியரும் பெற்றோரும் சேர்ந்து ஒரு கணக்குப் போடவேண்டும். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டப் பிரிவில் நான்கு வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்குக் காலைக் கிளினிக்குக்குப் போவதென்றால் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலை வேலை பிரிக்கும் நேரத்துக்கு, வெகு முன்னரே எழும்பவேண்டும். லயத்திலிருந்து ரோட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி, ஓட்டோ பிடித்து, நோர்வூட், டிக்கோயா கடந்து ஹட்டன். அங்கிருந்து பஸ்ஸில் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை. வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுக்கும். அன்று அவளுக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. துணைக்கு வரும் கணவனுக்கும் விழாது. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. இரண்டு பேரின் சம்பளம், பயணச்செலவு, சாப்பாடு. வைத்தியசாலையில் எல்லாம் இலவசம் என்று நாம் பெருமைப்படுகிறோம், அது நியாயமான பெருமையும்கூட. ஆனால் அந்த இலவசம் வாசலிலிருந்துதான் தொடங்குகிறது. ஊசிக்குப் பிறகு கிழமைக்கு ஒரு தடவை பயிற்சிக்கு வரச் சொன்னால், அந்தத் தாய் எத்தனை கிழமை வருவாள்? "பெற்றோர் ஒத்துழைக்கவில்லை" என்று கிளினிக் அட்டையில் எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவது எளிது.

மொழியும் இந்தக் கணக்கில் ஒரு செலவு. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் சிங்களத்தில் சொல்லப்படும் பயிற்சியை அரைகுறையாகப் புரிந்து தலையாட்டிவிட்டு வரும் தாய், வீட்டில் எந்தக் காலை எவ்வளவு நேரம் என்று தடுமாறுவாள். தாங்கியை இரவில் போடுவதா பகலில் போடுவதா என்பது சிறிய சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்தோடு தாங்கி லயத்துக் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

சத்திரசிகிச்சைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். குதிகால் தசைநாணை நீட்டுவது ஒப்பீட்டளவில் சிறிய வேலை. குதிகால் படாமல் நுனிக்காலில் நடக்கும் பிள்ளையின் பாதம் உடனே தரையில் படும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. மிகச் சிறு வயதில் செய்தால் வளர்ச்சியோடு குறுக்கம் திரும்பிவிடலாம். அளவுக்கு மீறி நீட்டினால் முழங்கால் மடங்கிக் குந்தியபடி நடக்கும் நிலை வரும். இழந்த அந்தத் தசை வலுவை மீட்க வழியில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் வாழும் மலையகத்துப் பிள்ளைக்கு அந்த நடை வாழ்நாள் சுமை. அதனால்தான் இன்றைய என்பியல் வல்லுநர்கள் ஆண்டுக்கொரு தசைநாண் என்று வெட்டிக்கொண்டிருக்காமல், பிள்ளை ஓரளவு வளர்ந்த பின் இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் திருத்துவதை விரும்புகிறார்கள். அதன் பின் பல மாதப் பயிற்சி வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தரவேண்டும்.

முதுகுத்தண்டில் உணர்வு நரம்பு வேர்களைத் தேர்ந்து வெட்டும் முறையை 1980களில் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் வொரிக் பீக்கொக் செம்மைப்படுத்தினார். இரு கால்களும் விறைத்த, நடக்கும் வலுவுள்ள, தேர்ந்தெடுத்த சில பிள்ளைகளுக்கு அது உண்மையான வரம். பிரிட்டிஷ் குடும்பங்கள் பணம் திரட்டி அமெரிக்காவின் செயின்ட் லூயிசுக்குப் பறந்த காலம் போய், 2018இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையே இதற்குச் செலவழிக்க முன்வந்தது. ஆனால் விறைப்பை நிரந்தரமாக எடுத்துவிடும் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு பிள்ளை புதிதாக வலுச் சேர்க்கவேண்டும். நெருக்கமான பயிற்சி இல்லாத இடத்தில் இதைச் செய்வது விபரீதம். வயிற்றில் பதிக்கும் பக்லோபென் பம்பு இன்னும் தூரம். சில மாதங்களுக்கு ஒருமுறை மருந்து நிரப்பவேண்டும், சில ஆண்டுகளில் பம்பையே மாற்றவேண்டும், குழாய் அடைபட்டால் உயிருக்கு ஆபத்து. மண்சரிவு வரும் தோட்டத்தில் அதை வைத்துக்கொண்டு வாழச் சொல்வது மருத்துவம் ஆகாது.

இவ்வளவு பேச்சிலும் ஓரமாய் நிற்கும் ஒன்று இடுப்பு. விறைத்த உள்தொடைத் தசை, தொடை எலும்பின் தலையைக் குழியிலிருந்து மெல்ல மெல்ல வெளியே இழுக்கும். ஆரம்பத்தில் வலி இருக்காது, பார்த்தாலும் தெரியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2006இல் வெளியான ஆய்வில் மூளை முடக்குவாதப் பிள்ளைகளில் 35 வீதமானோருக்கு இடுப்பு விலகல் இருந்தது. முதல் படியில் ஒருவருக்கும் இல்லை. ஐந்தாம் படியில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இருந்தது. தென் சுவீடனில் 1994இல் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு பதிவேட்டில் சேர்த்து, குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிக்கத் தொடங்கினார்கள். முன்பு நூற்றுக்கு எட்டுப் பேருக்கு முற்றாகக் கழன்றுபோன இடுப்பு, அதன் பின் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகிவிட்டது. அவர்கள் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. பதிவேடு, எக்ஸ்ரே, தக்க சமயத்தில் ஒரு சிறிய சத்திரசிகிச்சை. அவ்வளவுதான்.

இதை நுவரெலியா மாவட்டத்தில் செய்ய முடியாதா? இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே மாதம் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்த, 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அருகில் இருக்கிறது. நுவரெலியா மாவட்ட வைத்தியசாலை நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு. இடுப்பு எக்ஸ்ரே எடுக்கப் பேராதனை போகவேண்டியதில்லை. யாருக்கு, எப்போது எடுக்கவேண்டும் என்று தெரிந்த ஒரு பதிவேடும், படத்தைப் பார்த்துப் பேராதனைக்கு அனுப்பும் ஒரு கைபேசியும் போதும். ஊசிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்கு முதலில் போகவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

பயிற்சி தரும் ஆளுக்கு எங்கே போவது என்ற கேள்வி அடுத்து எழும். தோட்டங்களில் ஏற்கனவே ஒரு கட்டமைப்பு இருக்கிறது. காலையில் கொழுந்துக்குப் போகும் தாய்மார் சின்னப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பரா. இன்று அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாறியிருக்கிறது; பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அதன் பணியாளர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. ஐந்து மாதமாகியும் தலை நிற்காத, கையை எப்போதும் பொத்தியபடி வைத்திருக்கும் பிள்ளையை முதலில் கவனிக்கும் கண் அந்த நிலையத்தில் இருப்பவருடையதாகவோ, குடும்ப நல உத்தியோகத்தருடையதாகவோதான் இருக்கும். ஆனால் ஊனமுள்ள பிள்ளையை அங்கே விடுவதற்குத் தாய் தயங்குகிறாள். ஏற்பதற்கு நிலையமும் தயங்குகிறது. விளைவு, அந்தப் பிள்ளை காம்பராவுக்குள்ளேயே கிழவியோடு தங்கிவிடுகிறது.

நுவரெலியாவில் மென்காஃபெப் என்ற தொண்டு அமைப்பு 1980களின் பிற்பகுதியிலிருந்து இத்தகைய பிள்ளைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்கிறது. அரசாங்கத்தின் சமூகம் சார் புனர்வாழ்வுத் திட்டமும் பிரதேச செயலகங்கள் வழியாக இருக்கிறது. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இணைந்த அயதி நிலையம் இருக்கிறது. ஆக, எதுவுமே இல்லை என்று சொல்வதற்கில்லை. தோட்டத்து லயத்துக்கும் இந்த இடங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்கும் ஆள்தான் இல்லை.

தமிழ்நாட்டில் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் அந்த ஆளை உருவாக்கிக் காட்டியது. கடற்படைத் தேர்வின்போது முதுகெலும்பில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமைப்பு அது. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பி, கைபேசிச் செயலி ஒன்றின் மூலம் ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் தொலைவிலிருக்கும் சிகிச்சையாளர் கண்காணிக்கும்படி செய்திருக்கிறார்கள். தென்னாபிரிக்காவில் பெற்றோருக்காக உருவான ஹம்பிசேலா என்ற பாடத்திட்டத்தை, பங்களாதேஷ் கிராமங்களுக்கு ஏற்றபடி லண்டன் பொதுச் சுகாதாரக் கல்லூரியினர் மாற்றி எழுதிய கையேடும் இலவசமாகக் கிடைக்கிறது. தூக்குவது, உட்காரவைப்பது, ஊட்டுவது, விளையாடுவது என்று பெற்றோர் கூடி உட்கார்ந்து படிக்கும் பாடங்கள். விலை உயர்ந்த சக்கர நாற்காலி லயத்துப் படிகளில் ஏறாது. பழைய கடதாசியையும் மாவுப் பசையையும் அடுக்கி ஒட்டிக் காயவைத்து, பிள்ளையின் உடலுக்கு அளவெடுத்து உறுதியான இருக்கை செய்யும் முறை ஜிம்பாப்வேயில் பிறந்து பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. தோட்டத்துத் தச்சர் ஒருவருக்கு அதைவிட நல்லதாகப் பலகையிலேயே செய்யத் தெரியும், அளவு சொல்ல ஒருவர் இருந்தால்.

பிள்ளையின் உடலில் வலுச் சேர உணவும் வேண்டும். 2016 குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுதும் 17 வீதம், தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 வீதம். இது ஊனமில்லாத பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு. மென்று விழுங்கச் சிரமப்படும் பிள்ளையின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. எலும்பும் தோலுமான பிள்ளைக்குச் சத்திரசிகிச்சைக் காயம் ஆறாது, தாங்கி புண்ணாக்கும்.

கைபேசித் திரையில் வேறு ஒரு வழி வந்து நிற்கிறது. மூலச்செல் ஏற்றினால் மூளையே திருந்தும் என்று தமிழிலேயே பேசும் விளம்பரங்கள். இந்திய மருத்துவ ஆய்வு மன்றத்தின் 2017 வழிகாட்டுதல்களின்படி, குருதி சார்ந்த சில நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்ற மூலச்செல் பயன்பாடுகள் ஆய்வாக மட்டுமே நடக்கலாம். காசு வாங்கிச் சிகிச்சையாகத் தரக்கூடாது. அழுத்த ஒட்சிசன் அறையைப் பற்றியும் இப்படித்தான் ஒரு காலத்தில் பேசினார்கள். கனடாவில் 111 பிள்ளைகளில் நடந்த ஆய்வு 2001இல் வெளியானபோது, ஒட்சிசன் பெற்ற பிள்ளைகளும் சற்றே அழுத்திய சாதாரணக் காற்றைப் பெற்றவர்களும் ஒரே அளவில் முன்னேறியிருந்தார்கள். நகையை அடகு வைத்து விமானம் ஏறும் முன் அந்தக் குடும்பத்துக்கு இதைச் சொல்ல ஒரு தமிழ்க் குரல் தோட்டத்துக்குள் இருக்கவேண்டும்.

கடைசியாகப் பண விஷயம். 2025 வரவு செலவுத் திட்டம் ஊனமுற்றோருக்கான மாதக் கொடுப்பனவை 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கியது. தகுதியுள்ள எல்லாத் தோட்டப் பிள்ளைகளின் பெயரும் அந்தப் பட்டியலில் உண்டா என்று ஒவ்வொரு பிரதேச செயலகமும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. 2026 வரவு செலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,550 ரூபாயாக உயர்த்தி, அதோடு நாளொன்றுக்கு 200 ரூபாய் வருகை ஊக்கத்தொகையை அரசாங்கமே தரும் என்றது. வேலைக்கு வந்த நாளுக்குத்தான் அது கிடைக்கும். கிளினிக் அட்டையில் திகதி முத்திரை விழுந்த நாளையும் அந்த ஊக்கத்தொகைக்காக வேலைக்கு வந்த நாளாகக் கணக்கிட வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்கலாம். அந்த 200 ரூபாயை ஒதுக்குவது அரசாங்கம் என்பதால், கம்பனிகள் மறுப்பதற்கும் பெரிய காரணம் இருக்காது.